லேமிங்டன் ரோட்டுக்குக் கிளம்பும் முன்: கம்ப்யூட்டர் மெமரியை எது தின்கிறது என்று பார்ப்பது எப்படி?

தாராவி 90 அடி சாலையில் எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பெயர்தான் ஜெராக்ஸ் கடை. ரயில் டிக்கெட், பான் கார்டு விண்ணப்பம், கரண்ட் பில், பள்ளிக்கூட ஃபாரம் எல்லாம் அங்கேதான். அட்மிஷன் நாட்களில் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு தாய்மார்கள் வாசலைத் தாண்டி வரிசையில் நிற்பார்கள். போன வருடம் அந்த நேரம் பார்த்து அவருடைய லேப்டாப் படுத்துவிட்டது. ஒரு பிடிஎஃப் திறக்க இரண்டு நிமிடம். "ரேம் பத்தல, போட்டா சரியாயிரும்" என்று ஒரு கடையில் சொன்னார்கள். 4 ஜிபி இருந்த மெஷினில் இன்னொரு 8 ஜிபி போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு வாரம் பறந்தது. மூன்றாவது வாரக் கடைசியில் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிட்டது.

அவர் கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்ததில் காரணம் தெரிந்தது. அதற்காக எதையும் டவுன்லோடு செய்யவில்லை, விண்டோஸிலேயே எல்லாம் இருக்கிறது. அந்த அரை மணி நேரத்தில் என்னென்ன பார்த்தோம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் பற்றி அதிகம் தெரியாதவர்களும் தைரியமாகச் செய்யலாம். நாள் முழுக்க உழைத்துச் சேர்த்த காசை ஒரு ஊகத்தை நம்பிக் கொடுக்கக் கூடாது என்பதுதான் எனக்கு. மும்பையின் கம்ப்யூட்டர் கடைத்தெருவான லேமிங்டன் ரோட்டுக்குப் போய் ரேம் வாங்குவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மெமரி?

போனில் "மெமரி ஃபுல்" என்று வந்தால் போட்டோவும் வீடியோவும் சேர்ந்து ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். கம்ப்யூட்டரில் மெமரி என்றால் ரேம். இந்தக் குழப்பத்தில் கல்யாண ஆல்பத்தையே அழித்துவிட்டு, அப்புறமும் மெஷின் ஸ்லோவாகத்தான் இருக்கிறது என்று வருத்தப்பட்ட ஒருவரை எனக்குத் தெரியும். போட்டோவை அழித்தால் ரேம் காலியாகாது.

பத்துக்குப் பத்து அறையில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். தரை இருக்கிறது, பரண் இருக்கிறது. தரைதான் ரேம். சமையல், பிள்ளைகள் படிப்பு, தையல் மெஷின் எல்லாம் தரையில்தான். பரண்தான் ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி. அங்கே இடம் அதிகம், ஆனால் எதை எடுக்கவும் ஏணி போட வேண்டும். தரை நிரம்பிவிட்டால் இப்போதைக்குத் தேவைப்படாததைப் பரணில் ஏற்றுவோம் இல்லையா? விண்டோஸும் அதையே செய்கிறது. அதற்கென்று டிஸ்கில் வைத்திருக்கும் இடத்தின் பெயர் பேஜ் ஃபைல். ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறக்குறைய 100 நானோ நொடி. சுழலும் ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுக்க 10 மில்லி நொடி வரை ஆகும். அதாவது ஒரு லட்சம் மடங்கு. மெஷின் "சுத்திக்கிட்டே இருக்கு" என்று நாம் சொல்லும்போது, பெரும்பாலும் அது ஏணியில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.

சி டிரைவையும் ஒருமுறை பாருங்கள். திஸ் பிசி திறந்தால் அதன் கோடு சிவப்பாக இருந்தால் டிஸ்க் நிரம்பியிருக்கிறது. அது வேறு பிரச்சினை, அதைத் தனியாகச் சரிசெய்ய வேண்டும்.

ஸ்லோவாக இருக்கும்போதே பாருங்கள்

எல்லோரும் செய்யும் முதல் காரியம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவது. தயவுசெய்து அதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். மாத்திரை போட்டுக் காய்ச்சலை இறக்கிவிட்டு டாக்டரிடம் போனால் தெர்மாமீட்டரில் என்ன தெரியும்? மெஷின் திணறும் அந்த நேரத்தில்தான் பார்க்க வேண்டும்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். விண்டோஸ் 10-இல் சின்னப் பெட்டியாக வந்தால் கீழே 'மோர் டீடெய்ல்ஸ்' என்பதை அழுத்துங்கள். 'ப்ராசஸஸ்' பக்கத்தில் சிபியு (மெஷினின் மூளை), மெமரி, டிஸ்க், நெட்வொர்க் என்று கட்டங்கள் இருக்கும். மெமரி என்ற தலைப்பின் மேல் ஒரு கிளிக். அதிகம் எடுத்துக்கொண்டிருப்பது மேலே வந்துவிடும். கீழே போய்விட்டால் இன்னொரு கிளிக்.

அந்தத் தலைப்புக்கு மேலேயே ஒரு சதவீதம் இருக்கும். 60, 70 என்று இருந்தால் கவலையே வேண்டாம். ரேம் இருப்பது உபயோகிக்கத்தான், காலியாகக் கிடந்தால் யாருக்கும் லாபமில்லை. என் அனுபவத்தில் 80 வரை போனாலும் மெஷின் ஒழுங்காகத்தான் ஓடும். 90-ஐத் தாண்டி, பக்கத்தில் டிஸ்க் கட்டமும் 100-ஐ ஒட்டி நின்றால் ஏணி வேலை நடக்கிறது என்று அர்த்தம். மெமரி 50-இல் இருந்தும் மெஷின் ஸ்லோ என்றால் குற்றவாளி ரேம் இல்லை. சிபியுவையோ டிஸ்கையோ பாருங்கள், இந்தக் கட்டுரை அதற்குப் பயன்படாது.

இப்போது மேலே உள்ள பத்து வரிகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெயர், எதிரே எத்தனை எம்பி. போனில் போட்டோ எடுத்தாலும் சரி. 1024 எம்பி ஒரு ஜிபி. எழுதி வைப்பது அவசியம், ஏனென்றால் ஒரு தடவை பார்ப்பதில் பாதி விஷயம்தான் தெரியும். எது பெரியது என்று இப்போதே தெரிந்துவிடும். எது வளர்ந்துகொண்டே போகிறது என்பது இரண்டு மூன்று தடவை பார்த்தால்தான் தெரியும்.

முதல் வரியில் நின்றுவிடாதீர்கள்

அண்ணாச்சியின் மெஷினில் முதல் வரி குரோம், 4 ஜிபிக்கு மேல். முக்கால்வாசிப் பேர் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். "குரோம்தான் திங்குது" என்று அவரும் முடிவுகட்டி வைத்திருந்தார். இரண்டாவது வரியில் யாருக்கும் புரியாத ஒரு பெயர், எதிரே 2.8 ஜிபி. அதை அவர் பார்த்திருக்கிறார், விண்டோஸ் சமாச்சாரம் என்று நினைத்து விட்டுவிட்டார்.

குரோமில் 23 டேப் திறந்திருந்தது. ஒவ்வொன்றும் ஒரு வாடிக்கையாளரின் வேலை. 4 ஜிபி என்பது அதற்கு நியாயமான கணக்குதான். அந்த இரண்டாவது வரிக்குத்தான் நியாயம் இல்லை.

புரியாத பெயர் வந்தால் அதன் மேல் ரைட் கிளிக் செய்து 'ஓப்பன் ஃபைல் லொக்கேஷன்' கொடுங்கள். அந்தப் புரோகிராம் இருக்கும் ஃபோல்டர் திறக்கும். ஃபோல்டர் பெயரே பெரும்பாலும் யாருடையது என்று காட்டிக்கொடுத்துவிடும். இங்கே அது பிரிண்டரோடு வந்த ஸ்கேன் உதவிப் புரோகிராம். அண்ணாச்சி அந்த மெஷினில் ஸ்கேன் செய்ததே இல்லை, அதற்குத் தனி மெஷின் வைத்திருக்கிறார்.

சரி, ஒவ்வொரு ராத்திரியும் ஷட் டவுன் செய்கிறவர் மெஷினில் ஒரு புரோகிராம் எப்படி 2.8 ஜிபிக்கு வளரும்? டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கம் போய் சிபியுவை அழுத்தினேன். கீழே 'அப் டைம்' என்று ஒன்று இருக்கும். மெஷின் எவ்வளவு நேரமாக விழித்திருக்கிறது என்ற கணக்கு. 24 நாள் என்று காட்டியது. அண்ணாச்சி நம்பவில்லை. "தெனமும் நாந்தான தம்பி ஆஃப் பண்ணுதேன்" என்றார்.

அவர் சொன்னது உண்மை. விண்டோஸ் காட்டியதும் உண்மை. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. காலையில் சீக்கிரம் எழுந்திருப்பதற்காக, ஷட் டவுன் செய்யும்போது நாம் திறந்த புரோகிராம்களை மூடிவிட்டு, விண்டோஸின் உள்பகுதியையும் பின்னணியில் ஓடும் சர்வீஸ்களையும் அப்படியே டிஸ்கில் எழுதி வைத்துவிடுகிறது. மறுநாள் அதையே திரும்ப ஏற்றுகிறது. அதனால் பின்னணியில் இருக்கும் ஒரு சர்வீஸ் வீங்கியிருந்தால் வீங்கியபடியே மறுநாளும் எழுந்து வரும். நிஜமாகவே புதிதாகத் தொடங்க வேண்டுமென்றால் 'ரீஸ்டார்ட்' கொடுக்க வேண்டும். ஷட் டவுனைவிட ரீஸ்டார்ட்தான் முழுமையானது என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தால் எத்தனையோ மெஷின்கள் கடைக்குப் போகாமல் தப்பும்.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்ட பிறகு ரீஸ்டார்ட் செய்தோம். அதே வரி 60 எம்பி. மறுநாள் சாயங்காலம் அண்ணாச்சி போட்டோ அனுப்பினார்: 175 எம்பி. அதற்கு மறுநாள் 290. ஒரு நாளைக்கு 115 எம்பி வீதம் 24 நாள் போட்டுப் பாருங்கள், 2.8 ஜிபியை ஒட்டி வந்துவிடும். வாங்கிய இடத்தைத் திருப்பித் தராமல் மேலும் மேலும் கேட்டுக்கொண்டே போகும் இந்தக் கோளாறுக்கு மெமரி லீக் என்று பெயர். தண்ணீர்த் தொட்டிக் கசிவு மாதிரி மெதுவாக நடப்பதால்தான் ஒரே நாளில் பிடிபடுவதில்லை. புது ரேம் போட்ட அன்று மெஷின் முழுசாக அணைந்து எழுந்ததால் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. இரண்டு வாரம் பறந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அந்த ஸ்கேன் புரோகிராமை அன்இன்ஸ்டால் செய்தோம். பிரிண்டர் எப்போதும்போல் வேலை செய்கிறது.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு புரோகிராம் தேவைப்பட்டால் அழிக்க வேண்டாம். தயாரித்த கம்பெனியின் தளத்தில் புது வெர்ஷன் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரிசெய்திருப்பார்கள்.

பிரவுசரை உள்ளே போய்ப் பார்ப்பது

குரோம் என்று ஒரே வரியாகக் காட்டினாலும் பக்கத்தில் இருக்கும் அம்புக்குறியை அழுத்தினால் உள்ளே பத்து இருபது வரிகள் இருக்கும். 2008-இல் வெளிவந்ததிலிருந்தே குரோம் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. டேப்களைத் தனித்தனி ப்ராசஸ்களாக ஓட்டும், ஒன்று விழுந்தாலும் மற்றவை விழாது. 2018 முதல் ஒவ்வொரு இணையதளத்தையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து வைக்கவும் தொடங்கினார்கள். ஒரு தளம் இன்னொன்றின் தகவலைத் திருட முடியாதபடி செய்த பாதுகாப்பு அது. அதற்குக் கொஞ்சம் ரேம் கூடுதலாகச் செலவாகும். பேங்க் வேலையெல்லாம் அதில்தானே பார்க்கிறோம், அந்தச் செலவு தகும் என்பேன்.

எந்த டேப் எவ்வளவு என்று தெரிய, குரோம் முன்னால் இருக்கும்போது ஷிஃப்ட்டையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்துங்கள். பிரவுசருக்கென்றே தனி டாஸ்க் மேனேஜர் வரும். எட்ஜிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் அதே சாவிகள்தான். இங்கே டேப்களோடு எக்ஸ்டென்ஷன்களும் பெயரோடு தெரியும். கூப்பன் தேடித் தருவது, வீடியோ இறக்கித் தருவது என்று எப்போதோ போட்டு மறந்தவை ஆளுக்கு 100, 200 எம்பி எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தேவையில்லாததை எடுத்துவிடுங்கள்.

குரோம் செட்டிங்ஸில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் 'மெமரி சேவர்' என்று இருக்கிறது. நாம் பார்க்காமல் விட்ட டேப்களைத் தூங்கவைக்கும், திரும்பப் போனால் பக்கம் மறுபடி லோடு ஆகும். வீட்டு உபயோகத்துக்கு நல்லது. ஆனால் பாதி நிரப்பிய அரசு ஃபாரம் திறந்திருக்கும் கடையில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மறுபடி லோடு ஆகும்போது நிரப்பியது போய்விடலாம். அந்தத் தளங்களை மட்டும் தூங்கவைக்க வேண்டாம் என்று அதே இடத்தில் சேர்க்கலாம். அண்ணாச்சி கடையில் நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

இன்னொன்று. டீம்ஸ் மாதிரி சில செயலிகள் உள்ளுக்குள் ஒரு பிரவுசரை வைத்துக்கொண்டு ஓடுபவை. பிரவுசரே திறக்காமல் 'வெப்வியூ2' என்ற பெயர் பட்டியலில் வந்தால் பயப்பட வேண்டாம், அது இவற்றின் வேலை.

கூட்டிப் பார்த்தால் கணக்கு உதைக்கிறதா?

8 ஜிபி மெஷினில் எல்லா வரிகளையும் கூட்டினால் 4 ஜிபிதான் வருகிறது, மேலே மட்டும் 90 சதவீதம் என்கிறது என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் மெமரியை அழுத்துங்கள். 'இன் யூஸ்' என்பது இப்போது உபயோகத்தில் இருப்பது. பக்கத்திலேயே 'கம்ப்ரெஸ்டு' என்று ஓர் எண் வரும். பாயைச் சுருட்டி மூலையில் வைக்கிற மாதிரி, பரணில் ஏற்றும் முன் ரேமுக்குள்ளேயே அழுத்தி வைத்திருப்பது அது. 'கேஷ்டு' என்ற எண் பெரிதாக இருந்தால் சந்தோஷப்படுங்கள். அடிக்கடி திறக்கும் ஃபைல்களைக் கையெட்டும் தூரத்தில் வைத்திருக்கிறது. வேறு புரோகிராம் கேட்டால் அதில் பெரும்பகுதியை உடனே விட்டுக்கொடுக்கும்.

அதே பக்கத்தில் 'நான்-பேஜ்டு பூல்' என்பதைக் கவனியுங்கள். டிரைவர்களும் (பிரிண்டர், வைஃபை மாதிரி சாதனங்களை இயக்கும் சிறு புரோகிராம்கள்) விண்டோஸின் உள்பகுதியும் எடுத்துக்கொள்ளும் இடம், பரணில் ஏற்றவே முடியாதது. சில நூறு எம்பி இருப்பது சகஜம். அதுவே 2, 3 ஜிபி என்று நின்றால் ஏதோ ஒரு டிரைவர் கசிகிறது. எந்தப் புரோகிராமின் கணக்கிலும் அது வராது, அதனால்தான் கூட்டல் உதைக்கிறது. லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து டிரைவர்களைப் புதுப்பியுங்கள், நெட்வொர்க் டிரைவரிலிருந்து தொடங்குங்கள்.

'ஹார்டுவேர் ரிசர்வ்டு' என்பது தனியாக கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷின்களில் திரைக்காக ஒதுக்கப்படுவது. அதில் கொஞ்சம் போவது இயல்பு. ஆனால் 4 ஜிபி போட்டும் 3 ஜிபி சொச்சம்தான் உபயோகத்தில் என்று காட்டினால், 32-பிட் என்ற பழைய வகை விண்டோஸ் போட்டுக் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அதில் 4 ஜிபிக்கு மேல் எத்தனை போட்டாலும் வீண்.

கசிவு இருப்பதாகச் சந்தேகம், ஆனால் மெமரி கட்டத்தில் எதுவும் பெரிதாகத் தெரியவில்லை என்றால், பரணில் ஏற்றிவிட்டது என்று நினையுங்கள். 'டீடெய்ல்ஸ்' பக்கத்தில் தலைப்பு வரியின் மேல் ரைட் கிளிக், 'செலக்ட் காலம்ஸ்', அதில் 'கமிட் சைஸ்' என்பதை டிக் செய்யுங்கள். ஒரு புரோகிராம் கேட்டு வாங்கிவைத்திருக்கும் மொத்த இடத்தை அது காட்டும், தரையில் இருந்தாலும் சரி, பரணில் இருந்தாலும் சரி.

செய்யக் கூடாதவை

பட்டியலில் பெரிதாகத் தெரிகிறது என்பதற்காக எதையும் 'எண்ட் டாஸ்க்' கொடுக்காதீர்கள். நீங்கள் திறந்த புரோகிராம் என்றால் சேவ் செய்துவிட்டு அதன் ஜன்னலிலேயே மூடுங்கள். விண்டோஸின் சொந்தப் ப்ராசஸ்களை மூடினால் நீலத்திரை வரக்கூடும். 'ஆன்டிமால்வேர் சர்வீஸ்' என்ற வரி விண்டோஸோடு வரும் வைரஸ் காவல், 200 எம்பி எடுத்தாலும் இருக்கட்டும்.

ரேம் கிளீனர், ரேம் பூஸ்டர் என்று இலவசமாகக் கிடைப்பவற்றை ஒருபோதும் போடாதீர்கள். ஒரு பட்டனை அழுத்தினால் 85 சதவீதம் 40-க்கு இறங்கும், பார்க்க ஆனந்தமாக இருக்கும். தரையில் இருந்த சாமானையெல்லாம் பரணில் தூக்கிப் போட்டதால் வந்த இறக்கம் அது. அடுத்த நிமிடம் ஒவ்வொன்றையும் திரும்ப இறக்க வேண்டும். பேஜ் ஃபைலை நிறுத்தினால் வேகம் கூடும் என்ற யோசனையையும் கேட்காதீர்கள், ரேம் நிரம்பியதும் திறந்திருக்கும் புரோகிராம்கள் விழும்.

பலன் தரும் எளிய வேலை ஒன்று உண்டு. டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்டப்' பக்கம். மெஷின் எழுந்ததும் தானாக ஓடுபவை அங்கே வரிசையாக இருக்கும். கேம் செயலி, மியூசிக் செயலி மாதிரி நீங்கள் கேட்காமலே வருபவற்றை ரைட் கிளிக் செய்து 'டிசேபிள்' கொடுங்கள். புரோகிராம் அழியாது, நீங்கள் கூப்பிடும்போது வரும்.

மேக் வைத்திருப்பவர்கள் 'ஆக்டிவிட்டி மானிட்டர்' திறந்து மெமரி பக்கத்தில் 'மெமரி பிரஷர்' வரைபடத்தைப் பாருங்கள். பச்சை என்றால் எண்கள் எப்படி இருந்தாலும் நிம்மதி, மஞ்சள் என்றால் இறுக்கம், சிவப்பு என்றால் பற்றாக்குறை. லினக்ஸில் 'சிஸ்டம் மானிட்டர்' அதே வேலையைச் செய்யும். அங்கே 'ஃப்ரீ' என்ற எண் சின்னதாக இருப்பது சகஜம், 'அவைலபிள்' என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இதற்குப் பிறகும் ரேம் தேவை என்றால்

கசிவு இல்லை, தேவையில்லாதது எதுவும் ஓடவில்லை, உங்கள் அன்றாட வேலைக்கே 90-ஐத் தாண்டுகிறது என்றால் ரேம் வாங்குவதுதான் சரி. 4 ஜிபியில் விண்டோஸ் 11 ஓட்டுகிறவர்களுக்கு யோசனையே தேவையில்லை. அதைவிடக் குறைவாக இருந்தால் அந்த விண்டோஸை மைக்ரோசாஃப்ட் ஏற்பதே இல்லை.

கிளம்பும் முன் மெமரி பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்பது எத்தனை இடம் காலி என்று சொல்லும். ஒன்றில் ஒன்று என்று இருந்தால் கூடுதலாகப் போட இடமில்லை, இருப்பதை எடுத்துவிட்டுப் பெரியதாகப் போட வேண்டும். சில மெல்லிய லேப்டாப்களில் ரேமை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், மாடல் எண்ணைக் கொண்டு விசாரித்துக்கொள்ளுங்கள். ரேமில் டிடிஆர்4, டிடிஆர்5 என்று வகைகள் உண்டு; டிடிஆர்4 மெஷினில் டிடிஆர்5 உட்காராது, அதையும் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

மாஹிமில் ஸ்லோ வண்டி ஏறி கிராண்ட் ரோடில் இறங்கினால் லேமிங்டன் ரோடு நடக்கிற தூரம்தான். லேப்டாப்பையும் சார்ஜரையும் கையோடு கொண்டுபோங்கள். மாட்டியதும் கடையிலேயே ஆன் செய்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி, மெமரி பக்கத்தில் புது எண் முழுசாகத் தெரிகிறதா என்று பார்த்த பிறகு பில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.